கதவைத் தட்டும் ஓசை

பேய்க்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் முற்போக்கு நண்பர்கள் நம்மிடையே உளர். ஆயினும், மாணவர்க்கு நாம் தயங்காது எடுத்துரைக்கும் கதைகள் இரண்டுண்டு.

ஒன்று, புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. வேலைக்காரியாய் வீட்டினுள் நுழையும் ஒருத்தி, கற்றறிந்த எழுத்தாளனின் பகுத்தறிவையே ஆட்டங்காண வைக்கிறாள். அச்சத்தை மறுப்பதனால் அது ஒழிவதில்லை என்பதை அங்கே காண்கிறோம்.

மற்றது, ஆங்கிலேயரான டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்சின் ‘குரங்கின் பாதம்’ (1902). மந்திரப் பாதத்திடம் தந்தை 200 பவுண் கேட்கிறார். மகன் ஆலை இயந்திரத்திற் சிக்கி மாள்கிறான். பொறுப்பேற்க மறுக்கும் நிறுவனம் அதே 200 பவுணை ஈடாகத் தருகிறது. மகன் மீளவேண்டுமென இரண்டாம் வரத்தைக் கேட்கச் செய்கிறாள் தாய். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. சிதைந்த உடலே வந்து நிற்கிறதென அஞ்சிய தந்தை, அவள் தாழ் நீக்குமுன் மூன்றாம் வரத்தால் அவ்வோசையை அடக்கிவிடுகிறார்.

அத்தட்டலுக்கு அஞ்சுமாறே கதை நம்மை நடத்துகிறது. வன்னியிலோ நிலைமை வேறு. 2009இல் போர் முடிந்த நாள்களில் படையினரிடம் கையளிக்கப்பட்டோர் உட்பட, காணாமல் ஆக்கப்பட்டோரைக் கேட்டு, 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகத் தாய்மார் போராட்டம் தொடங்கினர். 2022இல் அமைச்சரவை ஒரு இலட்சம் ரூபா தர முன்வந்தது. பணம் வேண்டாம், பதிலே வேண்டும் என்றனர். அவர்கள் காத்திருப்பது அத்தட்டலுக்கே. அவர்களுக்குக் கொடியது, கதவு திறந்தபின் தெரியும் ஆளற்ற தெருவன்றோ?

ஆகவே, வன்னி வகுப்பறைகளில் இக்கதையைத் தாயின் பக்கம் நின்று படிப்போம். அந்த ஆலை ஏன் பொறுப்பேற்கவில்லை? மாணவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.