லோடோடு போக இருந்தவர்கள்

மாங்காட்டில் எங்கள் எதிர்வீட்டுப் பையன், பி.எஸ்ஸி. பிசிக்ஸ், ஒருநாள் கேட்டான்: ‘‘அண்ணே, சயின்ஸ் படிச்சவன் நம்ம நாட்டுலேர்ந்து விண்வெளிக்குப் போக முடியுமா? இல்லே, ஏர்ஃபோர்ஸ்காரங்களுக்கு மட்டும்தான் சீட்டா?’’

நியாயமான சந்தேகம். 1984-ல் போன ராகேஷ் சர்மா விமானப்படை. 2025-ல் போய்வந்த சுபான்ஷு சுக்லாவும் விமானப்படை. ககன்யானுக்குத் தேர்வான நாலு பேரும் (சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உள்பட) அதே யூனிஃபார்ம்தான். கல்பனா சாவ்லா இன்ஜினீயர்; ஆனால், போனது அமெரிக்கக் குடிமகளாக.

நம்மை மாதிரி ஆபீஸ் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் கிட்டத்தட்டப் போய்விட்டார்கள் ஸார்! என்.சி.பட், பி.ராதாகிருஷ்ணன். இருவரும் இஸ்ரோ இன்ஜினீயர்கள்.

இன்சாட்-1சி செயற்கைக்கோளை அமெரிக்க ஷட்டிலில் அனுப்ப ஏற்பாடு. கூடவே ஓர் இந்தியர் போகலாம். வேலையின் பெயர், பேலோடு ஸ்பெஷலிஸ்ட். பயப்படாதீர்கள். பூந்தமல்லி ரோட்டில் போகிற லாரியில் டிரைவர் பக்கத்தில் லோடுக்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். வண்டி ஓட்டத் தெரிய வேண்டாம். சரக்கைப் பற்றித் தெரிந்தால் போதும். 1985-ல் இருவரும் தேர்வானார்கள். ஒருவர் பறக்க, இன்னொருவர் மாற்று ஆள். 1986 செப்டம்பரில் பயணம்.

1986 ஜனவரி 28. சாலஞ்சர் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போனதுதான் வினை. 1983-ல் நம் இன்சாட்-1பி-யைச் சுமந்துபோனதும் இதே சாலஞ்சர்தான்.

இரண்டரை வருஷத்துக்கு மேல் ஷட்டில்கள் நின்றுபோயின. இருவருக்குமான சீட்டும் போச்சு.

நமக்கு டைப் அடித்த பிரமோஷன் ஆர்டர் கையெழுத்தாகாமல் போனாலே ஆறு மாசம் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். எங்க ஊர் காமாட்சி அம்மன் நெருப்பு நடுவில் ஒற்றைக் காலில் தவம் நின்றாள். காஞ்சிபுரத்தில் கல்யாணமாவது நடந்தது. இவர்களுக்கு முகூர்த்தமே ரத்து. அதுவும், தாங்கள் எந்தத் தப்பும் செய்யாமல்.

இருவரும் பேசாமல் இஸ்ரோ வேலையைத் தொடர்ந்தார்கள். கேன்டீனில் ‘‘என்ன ஸார், எப்போ பயணம்?’’ என்று விவரம் தெரியாமல் எத்தனை பேர் கேட்டார்களோ! விபத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. எனக்கென்னவோ அந்தக் கேன்டீன் டீயை நினைத்தால்தான் தொண்டையில் அடைக்கிறது.

இன்சாட்-1சி 1988-ல் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் போனது. அதில் லோடுக்காரருக்கு சீட் கிடையாது.