ஒரு றபான், ஒரு தொண்டை



எம்.ஐ.ஏ.யின் 'போர்ன் ஃப்ரீ' பாட்டைப் பிள்ளைகள் போனில் போட்டதிலிருந்து எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே கதை: "இது பாட்டா, இரைச்சலா?" இசை கூடுமா கூடாதா என்ற வாதத்தை இங்கே கிளப்ப வேண்டாம். அதற்கு ஜும்ஆவுக்குப் பிறகு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாங்கள் சொல்ல வந்தோம்.

மாயா என்ற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, யுத்தத்தால் 1986இல் திரும்பவும் லண்டன் போனவர். 2010இல் வெளிவந்த அந்தப் பாட்டின் அடிச்சத்தம் நியூயோர்க்கில் இருந்து எடுத்தது. 'சூசைட்' என்ற இரண்டு பேர் குழு 1977இல் தங்கள் முதல் இசைத்தட்டில் போட்ட 'கோஸ்ட் ரைடர்' அது. அலன் வேகா பாட்டு, மார்ட்டின் ரெவ் கீபோர்ட். கிற்றார் இல்லை, ட்ரம்ஸ் அடிக்க ஆளில்லை, தாளத்துக்கு ஒரு மெஷின். 'பங்க்' என்ற சொல்லைத் தங்கள் விளம்பரத்தில் முதன்முதலில் போட்டவர்களில் இவர்களும் அடக்கம். அதே நகரத்து ரமோன்ஸ், 1976இல் 14 பாட்டுகளை அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டார்கள். மெருகு வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

சனத்துக்குப் பிடித்ததா? 1978இல் பிரசெல்ஸில் கூச்சல் போட்டு, சூசைட்டின் நிகழ்ச்சியை 23 நிமிடத்தில் முடித்துவைத்தார்கள். 2010இல் லெட்டர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மாயா பாடியபோது, பக்கத்தில் நின்று வாசித்தவர் அதே மார்ட்டின் ரெவ்.

நமக்கு இது புதினமா? சஹருக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவாவிடம் என்ன இருந்தது? ஒரு றபான், ஒரு தொண்டை. சுருதி பார்த்தா எழும்பினோம்?

எங்களை அரிப்பது வேறு. 1986இல் போன பிள்ளையின் சத்தம் உலகம் முழுக்கக் கேட்டது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் சோனகதெருவை விட்டு இறங்கிய நமது சனத்தின் சத்தம் எங்கே? அறிக்கைகள் இருக்கின்றன, கட்டுரைகள் இருக்கின்றன. குரல்? அன்றைக்கு நடந்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மைக் வரட்டும், ஸ்ரூடியோ கிடைக்கட்டும் என்றால் கதை சொல்ல ஆளிருக்காது.

அடுத்த மாதம் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போனோடு உங்கள் வீடுகளுக்கு வருவார்கள். உம்மம்மாவை, வாப்பும்மாவைக் கதைக்க விடுங்கள். ஃபேன் இரைச்சல், கோழிச் சத்தம், குழந்தை அழுகை எல்லாம் விழட்டும். "இருமல் விட்ட பிறகு வா மகன்" என்று மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.