அரிக்கமேடு: பாக்க ஒண்ணுமில்லாத ஊருக்கு ஒரு பயணத் திட்டம்

பாண்டிக்கு வர்றவங்களோட திட்டம் எனக்கு மனப்பாடம். கடற்கரை சாலை, வெள்ளைக்காரத் தெரு, ஆரோவில், நல்ல காப்பி. ரெண்டு நாள் அதிலேயே ஓடிடும். ஊருக்குத் தெற்கே நாலே கிலோமீட்டரில் இருக்கிற அரிக்கமேட்டுக்கு யாரும் நேரம் ஒதுக்குறதில்லை.

போன வாரம் பெங்களூரிலிருந்து அக்கா பொண்ணு போன் பண்ணினா. பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளோட வர்றாளாம். "அரிக்கமேட்டுக்குப் போயிட்டு வாம்மா"ன்னேன். "அங்க போனா என்ன மாமா பாக்கலாம்?"னு கேட்டா. "ஒண்ணும் இல்லம்மா, மேடும் மாந்தோப்பும் தென்னையும் ஆறும்தான்"னேன். சிரிச்சா. ஆனா அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னு தோணிச்சு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நான் பாகூர் பக்கத்து விவசாயி. எங்க கண்ணுக்கு மேடு என்றால் ஒரு சந்தேகம் வரும். ஆற்றங்கரையில் நல்ல மண் இருக்க, ஒரு இடம் மட்டும் உயர்ந்து நிற்குதுன்னா, ஒண்ணு மணல் சேர்ந்திருக்கணும், இல்லைன்னா ஜனங்க குடியிருந்து குடியிருந்து உயர்ந்திருக்கணும். ரெண்டாவது வகைன்னா, ஏர் ஓட்டும்போது கொழுவில் ஓட்டாஞ்சில்லு தட்டும். அரிக்கமேடு ரெண்டாவது வகை.

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில், 1769-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பாண்டியில் காத்திருந்தார். அன்றைக்கு மேகம் மூடிக்கொண்டது. வானத்தில் ஏமாந்த மனுஷன், வீராம்பட்டினம் பக்கம் ஆற்றங்கரையில் தெரிந்த பழைய செங்கற்களைப் பற்றி எழுதி வைத்தார். அதுக்கப்புறம் ஏறக்குறைய 170 வருஷம் யாரும் பெரிசா கண்டுக்கலை. 1937-இல், பாண்டிச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ராய் இங்கே கிடைத்த மணிகளையும், தலை உருவம் செதுக்கிய ஒரு கல்லையும் பார்த்து, இது ரோமானியத் தொடர்புள்ள இடம் என்றார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அப்போ பாண்டி பிரெஞ்சுக்காரங்க கையில். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர் அடுத்த நாட்டு ஆட்சிப் பகுதியில் வந்து தோண்டினது சும்மா நடக்கிற காரியமா? 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி.

கிடைத்தது என்ன? மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ரெண்டு கைப்பிடி ஜாடிகளின் உடைசல், இத்தாலியச் சிவப்புப் பாத்திரத் துண்டுகள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள், வீலர் கிடங்கு என்று சொன்ன 45 மீட்டர் நீளச் செங்கல் கட்டடம். எல்லாத்துக்கும் மேல மணிகள். கண்ணாடியை இழுத்துக் குழாயாக்கி நறுக்குகிற தொழில் இங்கே நடந்திருக்கு. அந்த வகைச் சின்ன மணிகள் தென்கிழக்கு ஆசியா வரைக்கும் கிடைக்குது. கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமிக் குறிப்பில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்று பல அறிஞர்கள் சொல்றாங்க.

ஒரு விஷயம் முக்கியம். வீலர் இதை ரோமானியர் வந்து உருவாக்கிய வணிக நிலையம் மாதிரி பார்த்தார். பின்னால் வந்த ஆய்வுகள், ரோமச் சரக்கு வருவதற்கு முன்னாலேயே இங்கே ஊர் இருந்தது, அது நின்ன பிறகும் ஊர் இருந்தது என்று காட்டின. எனக்கு அதுதான் பிடிச்சது. கப்பல் வரும், போகும். மணி செய்தவனும் மீன் பிடித்தவனும் நெல் விளைவித்தவனும் இந்த மண்ணுக்காரன்.

இப்போ நேரில் போனால் கிடங்கு தெரியாது, தோண்டிய குழிகளை மூடியாச்சு. நிற்கிற பழைய சுவர் ரோமானியருடையது இல்லை, 18-ஆம் நூற்றாண்டு கிறித்தவ மிஷன் கட்டடத்தின் மிச்சம். அதைப் பார்த்து செல்பி எடுத்துத் திரும்புறவங்கதான் அதிகம். ஆறு ஒரு பக்கம் கரையை அரிச்சிட்டே இருக்கு. முந்தின காலத்தில் செங்கல்லுக்காகச் சுவரையே பெயர்த்து எடுத்திருக்காங்க, அந்தத் தடமும் ஆய்வில் தெரிஞ்சது.

பக்கத்து நிலத்துக்காரங்க பாடும் எனக்குப் புரியும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேணும். ஒரு கொட்டகை போடணும்னாலும் யோசிக்கணும். அவங்களுக்கு இந்த மேடு பெருமையைவிடப் பாரம்தான். வர்ற ஜனம் கூடினா ஒரு இளநீர் வண்டியாவது ஓடும். கீழடிக்கு 2023-இல் அருங்காட்சியகம் திறந்ததும் அந்தப் பக்கம் கூட்டம் வந்துச்சே. கூட்டம் வரும் இடத்தைக் காப்பாத்தத்தான் நாலு பேர் குரல் கொடுப்பாங்க.

அதனால அக்கா பொண்ணுக்குச் சொன்ன திட்டத்தை உங்களுக்கும் சொல்றேன். முதலில் பாரதி பூங்கா பக்கமுள்ள புதுச்சேரி அருங்காட்சியகம். ஜாடித் துண்டும் மணியும் அங்கேதான் இருக்கு. திங்கட்கிழமை வேண்டாம், விடுமுறை. அதைப் பார்த்த கண்ணோட கடலூர் சாலையில் அரியாங்குப்பம் வந்து, வீராம்பட்டினம் போற வழியில் காக்காயந்தோப்புப் பக்கம் திரும்புங்க. வெயில் சாயும் நேரம் நல்லது. தண்ணீர் எடுத்துக்கோங்க, நல்ல செருப்பு போடுங்க, மழை விட்ட மறுநாள்னா சேறு இருக்கும்.

மழைக்குப் பிறகு மணி மேலே வரும். பிள்ளைகள் கண்ணில் பட்டால் காட்டுங்க, குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்க, ஆனா எடுக்க விடாதீங்க. யாராவது விற்க வந்தாலும் வாங்காதீங்க. எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதோட காலம் இருக்கு. பைக்குள் போயிட்டா அது வெறும் பாசி.

கடைசியா ஆற்றோரம் பத்து நிமிஷம் உட்காருங்க. அலை அடிக்கிற கடலை விட்டு உள்ளே ஒதுங்கி, படகு கட்ட வசதியா இந்த வளைவு ஏன் இருக்குன்னு பிள்ளைகளையே கேளுங்க. அவங்களே சொல்லிடுவாங்க, துறைமுகம் ஏன் இங்கே வந்துச்சுன்னு.