கோலத்தில் விழுந்த எண்ணெய்ச் சொட்டு

கும்பகோணத்தில் அந்தத் தெருவில் அதிகாலை நான்கு மணிக்கே விளக்கு எரிகிற வீடு அது ஒன்றுதான். மனைவி இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுவார். கணவர் அதைப் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு சுவாமிமலை, பாபநாசம் வரை கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார்.

இரவு முழுக்க வேன் வாசலில்தான் நிற்கும். அது கிளம்பிய பிறகுதான் மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட முடியும். தை மாதம் ஒருநாள், தெளித்த தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்தார்.

“என்னங்க, வண்டிக்கு அடியில ஏதோ ஒழுகுதே?”

“ஏசி தண்ணியா இருக்கும்மா.”

“நம்ம வண்டியில ஏசியே இல்லையே!”

கணவர் சிரித்து மழுப்பிவிட்டார். விஷயம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வேலைக்கு என்று மெக்கானிக் ஷெட்டுக்குள் வண்டியை விட்டால் மூன்று வேலைக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்பது அவர் பயம். சீட்டுப் பணம் 18 ஆயிரம் ரூபாய் பீரோவில் இருந்தது. அதில் மனைவிக்குப் பெரிய கிரைண்டர் வாங்குவதாகப் பேச்சு. அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்றுதான் அவர் வாயை மூடிக்கொண்டார். ராத்திரி வேனுக்கு அடியில் ஓர் அட்டையைப் போடுவார். காலையில் மனைவி பார்ப்பதற்குள் அதை எடுத்து எறிந்துவிடுவார்.

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் அதே வேனில் போனார்கள். மூன்றாவது கியர் போட்டதும் ‘ஊய்’ என்று ஒரு சத்தம். “கிரைண்டர்ல இப்படிச் சத்தம் வந்தா நான் உடனே நிறுத்திடுவேன்” என்றார் மனைவி. கணவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

சித்திரை வெயிலில், பாபநாசத்துக்கு இந்தப் பக்கம் வேன் நின்றுவிட்டது. எந்தக் கியரும் விழவில்லை. பின்னால் 110 கிலோ மாவு. லோடு ஆட்டோ பிடித்து ஏற்றுவதற்குள் மணி ஒன்பதரை. பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பிவிட்டன. பாதிக் கடைக்காரர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். அன்றைய அரிசி, உளுந்து, கரண்ட், தூக்கம் எல்லாமே புளித்துப்போனது.

ஷெட்டில் கியர் பெட்டியை இறக்கிப் பிரித்துத் தகரத் தட்டில் பரப்பி வைத்திருந்தார் மெக்கானிக். பேரிங் நீலம் பாய்ந்திருந்தது. மூன்றாவது கியரின் பல் தேய்ந்திருந்தது.

“அண்ணே, இன்ஜின் ஆயிலைக் கம்பி விட்டுப் பார்த்துடலாம். இந்தப் பெட்டிக்கு அந்தக் கம்பி கிடையாது. பக்கத்துல ஒரு போல்ட் இருக்கும். வண்டியைச் சமமா நிறுத்தி அதைக் கழட்டினா, ஓட்டை வாய் வரைக்கும் ஆயில் நிக்கணும். குறைஞ்சா எந்த லைட்டும் எரியாது. மொத்தமே ஒன்றரை லிட்டருக்குள்ளதான். சொட்டுச் சொட்டா மூணு மாசம் போனா மிச்சம் என்ன இருக்கும்?”

ஒழுகியது பின்பக்க ஆயில் சீலில். ரப்பர் வளையம் ஒன்று. “தையிலேயே வந்திருந்தா பெட்டியை இறக்கவே வேண்டாம். பின்னாடி ஷாஃப்ட்டை மட்டும் கழட்டி சீலை மாத்தியிருப்பேன். ஆயிலோட சேர்த்து ஆயிரம் ரூபா தாண்டியிருக்காது.”

இப்போது கணக்கு 17,400. பேரிங், கியர், சிங்க்ரோ வளையம், எல்லா சீலும், ஆயில், கூலி. “இல்லேன்னா சென்னை புதுப்பேட்டையில இருந்து பழைய பெட்டி ஒண்ணு வரவழைச்சு மாட்டிடலாம். 8,000-த்துக்குள்ள முடிஞ்சிடும். ஆனா நான் கேரண்டி சொல்ல முடியாது.”

கணவர் 8,000-க்குத் தலையாட்டப் போனார். அதுவரை பேசாமல் நின்ற மனைவி கேட்டார்: “அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாராவது பிரிச்சுப் பார்த்தாங்களா தம்பி?”

“இல்லக்கா.”

“இது உள்ள எது கெட்டிருக்கு, எது நல்லா இருக்குன்னு கண்ணால பார்த்துட்டோம். இதையே செய்ங்க. என்னென்ன மாத்துறீங்கன்னு எழுதிக் கொடுங்க. கழட்டின பழைய சாமான எங்ககிட்டயே கொடுத்துடுங்க.”

வீட்டுக்கு வரும்வரை இருவரும் பேசவில்லை. பீரோவைத் திறந்து பணத்தை எண்ணும்போதுதான் கணவர் அட்டை விஷயத்தைச் சொன்னார். “கிரைண்டர் பணத்துல கை வைக்கக் கூடாதுன்னுதான்...”

“அட்டை போட்டது எனக்குத் தெரியும்” என்றார் மனைவி. “குப்பைத் தொட்டியில தினமும் பார்த்தேன். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். நானும் வாயைத் திறந்து கேட்டிருக்கணும்.”

வேன் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் மாவு லோடு ஆட்டோவில் போனது, தினமும் 600 ரூபாய் வாடகைக்கு. கிரைண்டர் அடுத்த சீட்டுக்குத் தள்ளிப்போனது. பழைய கிரைண்டரே இன்னும் ஓடுகிறது.

இப்போதும் ராத்திரி வேனுக்கு அடியில் அட்டை இருக்கிறது. அதைப் போடுவது மனைவி. காலையில் வேன் கிளம்பியதும் விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், கெட்டியாகக் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில் என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார். சுத்தமாக இருந்தால் கணவருக்கு போன் வராது. ஒரு சொட்டு இருந்தாலும் அவர் முதல் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் வந்துவிடும்.

அட்டையைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வாளியை எடுத்து வாசல் தெளிக்கிறார்.