பிடி அரிசித் தூக்கு

கல்யாண வீட்டில் உக்கிராணம் என்று ஓர் அறையை ஒதுக்குவார்கள். அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் அங்கேதான். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அத்தையோ சித்தியோ நிற்பாள். சாமான் அவளுடையது அல்ல. ஆனால் அவள் அளந்து கொடுக்காமல் ஒரு தேங்காய்கூட வெளியே வராது. தமிழ் வேதாகமத்தில் வரும் உக்கிராணக்காரன் செய்வதும் இதே வேலைதான். 'உக்கிராணத்துவம்' என்று கோயிலில் (நாங்கள் சர்ச்சை அப்படித்தான் சொல்லுவோம்) பிரசங்கம் கேட்கும்போது பெரிய வார்த்தையாகத் தெரியும். அடுக்களைக்கு அது புதிதே அல்ல.

ராயகிரியில் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தூக்கு இருக்கிறது. உலைக்கு அரிசி அளந்ததும், அளந்ததிலிருந்தே ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிடுவேன். மாமியார் கற்றுக்கொடுத்தது. மாசக் கடைசியில் கோயிலுக்குப் போகும். நிறுத்துப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ இருக்கும். வீட்டில் யாருக்கும் ஒரு கவளம் குறைந்ததாகத் தெரியாது.

இது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டம் என்று இதைத்தானே சொன்னார்! மிஜோரமில் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இப்படி ஒதுக்கிய அரிசியை விற்ற பணத்தில் திருச்சபை ஊழியங்கள் நடக்கின்றன. நம் திருநெல்வேலிச் சீமையும் சளைத்ததல்ல. 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம்மவர் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா, 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பானார்.

"மாசம் நூறு ரூபாயைப் போன்லயே அனுப்பிரலாமேம்மா" என்கிறாள் என் மகள். அனுப்பட்டும், வேண்டாங்கல. ஆனால் சம்பளம் வாங்காத என்னைப் போன்றவள் காணிக்கைப் பையில் போடும் நோட்டு வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து வருவது. இந்த ஒரு பிடிதான் யாரையும் கேட்காமல் நானே எடுப்பது.

ரேஷன் அரிசியைத் தூக்கில் போட்டுவிட்டு நல்ல அரிசியை உலையில் போடுகிற வீடுகளும் உண்டு. ரேஷன் அரிசியே சாப்பிடுகிறவர்கள் அதைக் கொடுத்தால் கும்பிட வேண்டும். தான் தின்னாததைக் கொடுப்பதற்குப் பெயர் காணிக்கையா? "நாம திங்கிறதுதான் தூக்குல விழணும்" என்பார் மாமியார்.

ஒரு வருஷம் மழை பொய்த்து, கடைக்காரரிடம் கடனுக்கு அரிசி வாங்கினோம். "கடன் அரிசி கடைக்காரனோடது. அதுல என்ன காணிக்கை?" என்றார் வீட்டுக்காரர். மாமியார் சண்டைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். "நீ சொல்றதும் நியாயந்தாம்ப்பா" என்று தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மூன்று மாதமும் சனிக்கிழமை தவறாமல் போய்க் கோயிலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வந்தார். கடன் அடைந்த அன்றைக்குத்தான் தூக்கை நிமிர்த்தி வைத்தார்.

நீங்களும் வைப்பதானால் ஈரம் படாத தூக்காகப் பார்த்து வையுங்கள். நாலு காய்ந்த மிளகாயைப் போட்டு வைப்பது எங்கள் வழக்கம், வண்டு அண்டாது. புழுத்த அரிசியை யாருக்குக் கொடுக்க முடியும்?