மத்தியஸ்தர் கையை உயர்த்தினால்...

உதைபந்தாட்டத்தில் அநியாயம் இழைக்கப்பட்ட அணிக்கு விதிப் புத்தகம் வழங்கும் நட்டஈடே 'பிறீ கிக்'. பதின்மூன்றாம் விதி அதனை இரண்டாகப் பிரிக்கிறது. காலை வாரிவிடுதல், பிடித்துத் தள்ளுதல், பந்தைக் கையால் தடுத்தல் போன்ற குற்றங்களுக்கு நேரடி உதை. அதிலிருந்து நேராகவே கோல் அடிக்கலாம். மற்றையது மறைமுக உதை. உதைத்தவரைத் தவிர இன்னொருவர், அவர் எதிரணிக்காரராக இருந்தாலும் சரி, பந்தைத் தொட்ட பின்னரே அது கோலாகும். எந்த உதை என்பதை ஆட்டக்காரருக்குக் காட்டுவது, மத்தியஸ்தரின் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் கை மாத்திரமே.

அந்தக் கையின் பொருள் தெரியாததால் தோற்ற ஓர் அணியை நான் அறிவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டைப் பக்கம், இறப்பர் மரங்களுக்கு நடுவே சரிந்து கிடக்கும் ஒரு மைதானத்தில், தோட்டத்து இளைஞர் அணியும் பட்டண அணியொன்றும் மோதின. நம் இளைஞர்களில் பாதிப் பேர் அன்று காலை பால் வெட்டிவிட்டு வந்தவர்கள். ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், தம் தோழர் வேண்டுமென்றே காலால் திருப்பிக் கொடுத்த பந்தை எதிரணிக் கோல் காப்பாளர் கையில் எடுத்தார். 1992 முதல் அது குற்றம். மத்தியஸ்தர் விசில் ஊதிக் கையை உயர்த்தினார். எதிரணி முழுவதும் கோல் கோட்டின் மீது சுவராக நின்றது. வழக்கமாக 9.15 மீற்றர் விலக வேண்டும். கோல் அதைவிட அருகில் இருந்தால், கம்பங்களுக்கிடையே கோட்டில் நிற்க விதி இடம் தருகிறது.

நம் இளைஞன் உதைத்த பந்து எவர் மீதும் படாமல் மேல்மூலையில் புகுந்தது. லயத்துச் சனம் மைதானத்துக்குள் ஓடிவந்தது. மத்தியஸ்தரோ கோல் இல்லையென்று எதிரணிக்குக் கோல் கிக் கொடுத்தார்.

அவர் விலைபோய்விட்டார் என்று கூச்சல் எழுந்தது. உண்மையில் அவர் விதிப்படியே நடந்தார். ஆயினும் அந்தத் தோல்வியை நியாயமென்று என் மனம் ஏற்கவில்லை. "கைய தூக்குனா அடிக்கச் சொல்றாருன்னு நெனச்சேங்க ஐயா" என்றான் அவன். அதுவரை அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

1974 உலகக் கிண்ணத்தில் பிறேசிலுக்கு ஒரு பிறீ கிக் கிடைத்தபோது, ஸயர் நாட்டின் முவேப்பு இலுங்கா சுவரிலிருந்து பாய்ந்து வந்து, பிறேசிலியர் தொடுமுன்னரே பந்தை ஓங்கி உதைத்தார். கிடைத்தது மஞ்சள் அட்டை. ஆபிரிக்கருக்கு விதி தெரியாது என்று உலகம் பல்லாண்டு சிரித்தது. விதி தமக்கு நன்றாகவே தெரியும் என்றும், சேரவேண்டிய பணம் கிடைக்காத ஆத்திரத்தில் வெளியேற்றப்பட வேண்டுமென்றே அவ்வாறு செய்ததாகவும் அவர் பின்னாளில் கூறினார். எளியவர்கள் விதி தவறினால் அறிவீனம் என்று உடனே முடிவு கட்டுகிறோம். அதற்கு வேறு காரணம் உண்டா, விதி அவர்களிடம் வந்து சேர்ந்ததா என்று கேட்பதில்லை.

தோட்டத்து மக்களுக்கு இது மைதானத்தோடு முடிகிற கதையன்று. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949 இன் சட்டம் வதிவிடத்துக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து லயத்திலேயே மடிந்தவர்களிடம் பத்திரம் ஏது? அந்தக் கணக்கைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

விதிப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒன்றுண்டு. தூரம் அளந்து தருமாறு நாம் கேட்காமலும், மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தி வைக்காமலும் இருந்தால், விசிலுக்குக் காத்திராமல் உடனே பிறீ கிக்கை எடுத்துவிடலாம். எதிரணி சுவர் கட்டி முடிக்கும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை. அனுமதி கேளாமலே பயன்படுத்தத்தக்க உரிமை அது. ஆனால் அப்படியோர் உரிமை உண்டென்று அறிந்தவனுக்குத்தான் அது உரிமை.

வெளிநாடுகளில் வாழும் அன்பர்கள் பலர் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் விளையாட்டுக் கழகங்களுக்குப் பந்தும் சீருடையும் அனுப்ப விரும்புகிறார்கள். நல்ல காரியம். அந்தப் பெட்டிக்குள் விதிகளை எளிய தமிழில் அச்சிட்ட நாலு தாளையும் வையுங்கள். ஒரு பந்தின் விலைகூட ஆகாது.