கதிரவன் கணக்கு

தூத்துக்குடி உப்பளங்களை நோக்கிய எம் இல்லத்தின் மேற்றளத்தில், 2024-ஆம் ஆண்டில், நடுவணரசு 78,000 ரூபாய் மானியமளிக்கும் திட்டத்தின்வழி, மூன்று கிலோவாட் சூரியப் பலகைகளை அமைத்தோம். அன்று தொட்டு நாடோறும் அந்தியில் மின்கணக்கு எழுதுதல் எமக்கு வழக்கமாயிற்று. நல்ல வெயிலில் 12 யூனிட் விளையும். மழை நின்று நெடுநாளான மாசித் திங்களில் அது 9 ஆகக் குறையவே, முகிலற்ற வானத்தின்கீழ் இஃதென்னையென்று மயங்கினோம். ஏறிப் பார்த்தவழி, கண்ணாடிமேல் உப்பும் புழுதியும் படிந்திருக்கக் கண்டோம். விடியலில், பலகை சூடேறுமுன், நன்னீரும் மெல்லிய துணியுங் கொண்டு துடைத்தோம்; மீண்டும் 12.

பின்னொரு பிழையும் வெளிப்பட்டது, அஃது எம்முடையதே. மின்வாரிய மானி, யாம் வாரியத்தினின்று கொண்டதையும் அதற்குக் கொடுத்ததையுமே காட்டும். பகலில் பலகையினின்று வீடு நேரே உண்டது அதில் ஏறாது. விளைந்தது 12, கொடுத்தது 8, கொண்டது 5 எனின், வீட்டின் செலவு 5 அன்று, 9 ஆகும். இதனையறியாது எம்மைச் சிக்கனக்காரரென்று எண்ணி இறுமாந்திருந்தோம். கணக்கேட்டைக் கண்ட எம் மனைவியார், “நீரிறைக்கும் மோட்டாரை இரவில் ஓட்டுவானேன்?” என்றார். இப்பொழுது அது நண்பகலில் ஓடுகின்றது. நேற்றைய ஏட்டில் கொண்டது 4.